இளஞ்சிவப்பில் இரண்டு: நீலகிரியில் புளியாரை தேடிப் போனபோது

மேட்டுப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு பாட்டி சாக்கு விரித்துக் கீரை விற்றுக்கொண்டிருந்தார். காலை ஆறரை மணி. அரைக்கீரை, சிறுகீரை, மணத்தக்காளி எல்லாம் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்க, ஓரத்தில் ஈரத்துணி போட்டு மூடிய சின்னக் குவியல் ஒன்று. துணியை விலக்கிக் காட்டினார். நான் தேடி வந்த புளியாரை. கட்டு 20 ரூபாய்.

"ஆரைக்கீரைங்களா பாட்டி?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"அது தண்ணிக்குள்ள மொளைக்கும் கண்ணு. நாலு எலை. இது மூணு எலை. வாயில போட்டுப் பாரு, தெரியும்."

போட்டுப் பார்த்தேன். நாக்கின் இரண்டு ஓரமும் சுருங்கியது. ஆரைக்கீரை பூக்கவே பூக்காத பெரணி வகை. இது பூத்துக் காய்க்கிற செடி. இரண்டுக்கும் உறவே கிடையாது. படித்தவர்களே இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதைப் பார்த்திருக்கிறேன். பாட்டிக்குக் குழப்பமே இல்லை.

நான் கிளம்பி வந்தது வேறொரு குழப்பத்தைத் தீர்க்க. குன்னூரில் ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவர் சில மாதங்களாக ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருந்தார். மலையில் புளியாரை இளஞ்சிவப்பாகப் பூக்கிறதாம், கீழே மஞ்சளாகப் பூப்பது குளிருக்கு நிறம் மாறிவிட்டதாம். அந்த இளஞ்சிவப்பிலும் பெரிய இலை, சின்ன இலை என்று இரண்டு தினுசு உண்டு, பெரியது நிழலில் வளர்வது, செடி ஒன்றுதான் என்பது அவருடைய அடுத்த முடிவு. அவருடைய தோட்டக்காரர் சொன்னாராம். தோட்டக்காரர்கள் சொல்வதைச் சாதாரணமாக நான் தட்டுவதில்லை. இருந்தாலும் கோயம்புத்தூரில் 180 ரூபாய்க்கு ஒரு கைலென்ஸ் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. மடியில் செய்தித்தாளை விரித்துப் பாட்டி கொடுத்த கட்டைப் பிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். எனக்கு வசதியாகப் போயிற்று.

தண்டு நூல்போல மெல்லியது, தரையோடு ஓடுகிறது. கணுவுக்குக் கணு வெள்ளை வேர். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் காதுமடல் மாதிரி ஒரு சின்ன விளிம்பு, லென்ஸ் இல்லாமல் தெரியாது. பூ மஞ்சள், ஐந்து இதழ், சுண்டுவிரல் நகத்தை விடப் பெரிதில்லை. காய்தான் வேடிக்கை: காம்பு கீழ்நோக்கி மடிந்திருக்கிறது, காய் மட்டும் திரும்பி நிமிர்ந்து வானத்தைப் பார்க்கிறது. முற்றிய ஒன்றை நகத்தால் லேசாகத் தொட்டதும் பட்டென்று வெடித்து விதைகள் செய்தித்தாள் முழுக்கச் சிதறின, ஒன்றிரண்டு பக்கத்துக்காரர் சட்டையிலும். விதையைச் சுற்றியிருக்கும் ஈரமான உறை திடீரென்று உள்பக்கம் வெளியாகப் புரள்வதால் நடக்கும் வேலை இது. விதையில் குறுக்கு வரிகள், நிறம் முழுக்கப் பழுப்பு.

இந்தக் காதுமடலையும் வரியையும் இவ்வளவு நேரம் பார்த்ததற்குக் காரணம் உண்டு. மஞ்சள் பூக்காரர்களிலேயே நெருங்கிய உறவுகள் சில உண்டு. நம்முடையது ஆக்சாலிஸ் கார்னிகுலேட்டா. லின்னேயஸ் 1753ல் வைத்த பெயர். அதே ஆண்டு அவர் பெயர் வைத்த இன்னொன்று ஆக்சாலிஸ் ஸ்ட்ரிக்டா, நிமிர்ந்து வளர்வது, காதுமடல் இல்லாதது. மூன்றாவது ஆக்சாலிஸ் டில்லெனீ. அதன் விதை வரிகளின் மேல் வெள்ளைக் கீற்று இருக்கும். இந்த மூன்றையும் மாற்றி மாற்றி அழைத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் தாவரவியலாளர்களே சிக்கலாக்கி வைத்திருக்கிறார்கள். என் மடியில் இருந்ததில் காதுமடல் இருந்தது, வெள்ளைக் கீற்று இல்லை, கணுவில் வேர் இருந்தது. சந்தேகமில்லாமல் கார்னிகுலேட்டா.

கல்லாறு தாண்டியதும் ஏற்றம். குன்னூர் போவதற்குள் 14 கொண்டை ஊசி வளைவுகள். பர்லியாரில் பேருந்து பத்து நிமிடம் நின்றது. டீ 15 ரூபாய், இஞ்சி தூக்கலாக இருந்தது. டீக்கடைக்குப் பின்னால் கருங்கல் தடுப்புச்சுவர். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த விரிசலில் அதே மஞ்சள் பூ. இலை மட்டும் கருஞ்சிவப்பு. "இது வேற ஜாதிங்க, கல்லுச்செவுத்துல மட்டும் வரும்" என்றார் கடைக்காரர். ஒரு கொடியைப் பிடுங்கிப் பார்த்தேன். கணுவில் வேர், காம்படியில் மடல், நிமிர்ந்த காய் எல்லாம் அப்படியே. கார்னிகுலேட்டாவில் சிவப்பு இலை ஒரு தினுசு, அவ்வளவுதான். அது கல்லில் மட்டுமா வரும்? பத்தடி தள்ளி, சாக்கடை ஓரத்து மண்ணிலும் அதே சிவப்புக் கொடி படர்ந்திருந்தது. சாம்பல் நீலத்தில் குட்டி வண்ணத்துப்பூச்சி ஒன்று அதன்மேல் தாழப் பறந்து உட்கார்ந்து எழுந்தது. முட்டையிட வந்திருக்கலாம், வெளிர் புல் நீலன் என்கிற பூச்சியின் புழுவுக்குப் புளியாரைதான் சாப்பாடு.

குன்னூரில் நண்பர் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். 1,850 மீட்டர் உயரம், அக்டோபர் மாதம், பத்து மணிக்கும் மூச்சுவிட்டால் புகை வந்தது. சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்துச் சந்தில்தான் அவர் வீடு. 1874ல் போட்ட பூங்கா. அதன் மதில் ஓரம் எப்போதும் ஈரம். வீட்டுக்குள்கூடக் கூப்பிடாமல் நேராக அங்கே அழைத்துப் போனார்.

"இதோ பார்டா. இளஞ்சிவப்பு."

இருந்தது. முழங்கால் வரை இல்லை, ஒரு சாண் உயரம். அகன்ற இலைகள், மேலே இளஞ்சிவப்புப் பூங்கொத்து. ஆனால் என் கண் அதற்கு ஒரு முழம் தள்ளிப் போனது. நடைபாதைக் கல் இடுக்கில் மஞ்சள் புளியாரை, அதே குளிரில், அதே ஈரத்தில், மஞ்சளாகவே பூத்திருந்தது. குளிருக்கு நிறம் மாறுகிறது என்பது அந்த ஒரு முழத்தில் தீர்ந்தது. நண்பர் குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, இது வேற. அடுத்ததைச் சொல்லு" என்றார். மனிதர் சுலபமாக விட்டுக்கொடுப்பவர் இல்லை.

இளஞ்சிவப்புச் செடிக்குத் தரைக்கு மேலே தண்டே கிடையாது. இலையும் பூங்காம்பும் மண்ணுக்குள்ளிருந்து நேராகக் கிளம்புகின்றன. பிடித்து இழுத்ததும் காம்புகள் மட்டும் கையோடு வந்தன. நண்பர் வீட்டுச் சமையலறையிலிருந்து பழைய தோசைக்கரண்டி வந்தது. சுற்றிலும் ஆழமாகக் குத்தி மண்ணோடு பெயர்த்தேன். அப்போதுதான் விஷயம் தெரிந்தது: நடுவில் சின்ன வெங்காயம் அளவில் ஒரு பழுப்புக் கிழங்கு, அதன் மேல் ஒட்டியும் ஒட்டாமலும் நிறையக் குட்டிக் கிழங்குகள். விரல் பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தன. மதிலோரம் விழுந்தவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்க முயன்றேன். மண்ணின் நிறமும் அவற்றின் நிறமும் ஒன்றாக இருந்ததால் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. கீழே கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் தடித்த வேர். கழுவிக் கடித்தால் வெறும் தண்ணீர், லேசான புளிப்பு.

மதில் மேல் ஓர் இலையைக் கவிழ்த்துப் போட்டு லென்ஸை வைத்தேன். மூன்று சிற்றிலையும் உருண்டையான இதய வடிவம், நுனியில் குறுகிய வெட்டு. பின்புறம் மெல்லிய ரோமம். விளிம்பை ஒட்டி வரிசையாக ஆரஞ்சுப் புள்ளிகள். நண்பரிடம் கொடுத்தேன். "மஞ்சள்தூள் சிந்தின மாதிரி இருக்கு" என்றார். குட்டிக் கிழங்கு ஒன்றின் செதிலை உரித்து வெளிச்சத்தில் பிடித்தோம். நரம்பு மூன்றே மூன்று. பூங்கொத்திலும் ஒரு குறிப்பு உண்டு: காம்புகள் ஒரே புள்ளியிலிருந்து விரியாமல், ஓரிடத்தில் கவைத்து, இன்னோரிடத்தில் மறுபடி கவைத்து, ஒழுங்கில்லாமல் போகின்றன. இது ஆக்சாலிஸ் டெபிலிஸ், தென் அமெரிக்கச் சரக்கு. பழைய புத்தகங்களில் ஆக்சாலிஸ் கோரிம்போசா என்று 1824ல் வைத்த பெயரில் இருப்பதும் இதுதான்.

"நிழல்ல இருக்கறதால இலை உருண்டை. வெயில்ல இருக்கறதைப் பார்த்துட்டுப் பேசு" என்றார் நண்பர். ஸ்கூட்டரைக் கிளப்பினோம்.

கேத்தி பாலாடா போய்ச் சேர்ந்தபோது ஸ்கூட்டர் மீட்டர் 14 கிலோமீட்டர் காட்டியது. வழியில் தேயிலை, பிறகு சட்டென்று திறந்த பள்ளத்தாக்கு. சரிவு முழுக்கப் படிப்படியாகக் கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட், முட்டைக்கோஸ். சாலையோரம் கேரட் கழுவும் மெஷின் பெரிய உருளையாகச் சுழன்றுகொண்டிருந்தது; ஒருபக்கம் சேறோடு போவது மறுபக்கம் பளபளவென்று வந்து விழுகிறது. கிலோ அன்றைக்கு 40 ரூபாய். போன வாரம் இதில் பாதி என்று சொன்ன ஆள், எங்களை வியாபாரிகள் என்று நினைத்துவிட்டார் போல.

கீழே ஒரு தோட்டத்தில் நான்கு பெண்கள் கேரட் பாத்தியில் குந்தி உட்கார்ந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். தலையில் துண்டு, அதற்கு மேல் பிளாஸ்டிக் தாள். தோட்டக்காரர் வரப்பில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். கையைக் காட்டி அனுமதி கொடுத்தார். பாத்திக்குப் பாத்தி இளஞ்சிவப்புப் பூ. தூரத்திலிருந்து பார்த்தால் சிம்ஸ் பூங்கா மதிலோரம் பார்த்ததேதான். நிறமும் உயரமும் அப்படியே.

பக்கத்தில் போய்க் குனிந்ததும் இலை வேறாக இருந்தது. ஒவ்வொரு சிற்றிலையும் மீன்வால். நுனி அகலமாக விரிந்து, நடுவில் ஆழமில்லாமல் பரந்த வெட்டு, இரண்டு மூலையும் எதிரெதிர்த் திசையில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. பின்புறம் வழவழப்பு. லென்ஸை எத்தனை இலைமேல் வைத்தும் ஆரஞ்சுப் புள்ளி இல்லை. பூக்காம்புகள் எல்லாம் தண்டின் உச்சியில் ஒரே புள்ளியிலிருந்து, குடைக்கம்பி விரிகிற ஒழுங்கில் கிளம்பின.

புல்லிதழ்களின் நுனியில் இரண்டிரண்டு ஆரஞ்சுப் பொட்டு இருந்தது. நண்பர் அதைப் பிடித்துக்கொண்டார். "பாரு, ஆரஞ்சு இருக்கே!" பையிலிருந்து குன்னூர்ப் பூவை எடுத்துக் காட்டினேன். அதன் புல்லிதழிலும் அதே பொட்டு. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது பிரித்தறிய உதவாது. இலையின் பின்புறத்துப் புள்ளியைத்தான் பார்க்க வேண்டும்.

களை எடுத்துக்கொண்டிருந்தவர்களில் வயதான அம்மா ஒருவர் எங்களையே கவனித்துக்கொண்டிருந்தார். "பிடுங்கினா வராது சார். நகருங்க" என்று சொல்லி, களைக்கொத்தைச் செடிக்கு ஒரு சாண் தள்ளிப் போட்டு, அடியிலிருந்து நெம்பினார். கறுப்பு மண்கட்டி அப்படியே புரண்டது. கையால் மெல்ல உதிர்த்தார். நடுக்கிழங்கு ஒன்று. ஆனால் குட்டிகள் அதன்மேல் இல்லை. கிழங்கின் அடியிலிருந்து வெள்ளை நூல்கள் நாலு பக்கமும் மண்ணுக்குள் ஓடியிருந்தன, ஒவ்வொரு நூலின் முனையிலும் ஒரு குட்டிக் கிழங்கு. மிக நீளமாக இருந்த நூல் என் ஆள்காட்டி விரலைத் தாண்டியது. கொத்து படும்போது நூல் அறுந்துவிடும், குட்டி மண்ணிலேயே தங்கிவிடும்.

"தாய எடுத்துட்டோம்னு நெனப்போம். புள்ளைங்க உள்ளயே இருக்கும்" என்றார் அந்த அம்மா. முப்பது வருடமாக இந்தப் பள்ளத்தாக்கில் களை எடுக்கிறாராம். பெயர் என்ன சொல்வீர்கள் என்று கேட்டதற்கு, "களைதான். வேற எதுக்குப் பேரு?" என்று சிரித்தார்.

ஒரு குட்டியின் செதிலை உரித்துச் சூரியனுக்கு நேராகப் பிடித்து நரம்பை எண்ணினோம். நண்பர் எட்டு என்றார், எனக்கு ஏழுதான் தெரிந்தது. எதுவானாலும் மூன்று இல்லை. இது ஆக்சாலிஸ் லாட்டிஃபோலியா. மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்காவின் வடபகுதி வரை இதன் சொந்த மண். ஹம்போல்ட்டும் போன்பிளாந்தும் அமெரிக்காவில் திரட்டி வந்த செடிகளைப் பரிசீலித்த ஜெர்மானியர் குந்த், 1822ல் ஒரே நூலில் இதற்கும் டெபிலிஸுக்கும் தனித்தனியாகப் பெயர் சூட்டிவிட்டார். இருநூறு வருடம் கழித்து நாங்கள் கேத்தியில் சேற்றில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

நிழல் கதை மிச்சமிருந்தது. தோட்டத்தின் மேல் எல்லையில் சைப்ரஸ் மரவேலி. அடியில் வெயிலே படாது. அங்கேயும் இந்தச் செடி நுழைந்திருந்தது. காம்பு இரண்டு மடங்கு நீளம், இலையும் பாத்தியில் பார்த்ததைவிடப் பெரிது. அதுவரைக்கும் நண்பரின் தோட்டக்காரர் சொன்னது சரி. ஆனால் வடிவம் மீன்வாலேதான். மூலை உருளவில்லை, ரோமமில்லை, புள்ளியில்லை. நெம்பிப் பார்த்தால் நூலும் இருந்தது. நிழல் இலையைப் பெரிதாக்குகிறது, இன்னொரு செடியாக்குவதில்லை. நண்பர் ஒன்றும் சொல்லாமல் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

அந்தத் தோட்டம் முழுக்க ஒரு காய்கூடக் கண்ணில் படவில்லை. குன்னூர் மதிலோரத்திலும் இல்லை. ஆக்சாலிஸ் குடும்பத்தில் பல இனங்களுக்குச் சூல்தண்டு மூன்று உயரங்களில் வரும், ஒரு பூவுக்கு ஓர் உயரம். வேறு உயரக்காரரின் மகரந்தம் கிடைத்தால்தான் சரியாகக் காய்பிடிக்கும். கடல்தாண்டி வந்த இடங்களில் பெரும்பாலும் ஒரே உயரக்காரர்கள்தான் பெருகிக் கிடக்கிறார்கள். பாலாடாவில் நான் பிரித்துப் பார்த்த பூக்கள் எல்லாவற்றிலும் சூல்தண்டு ஒரே மட்டத்தில் நின்றது. விதைக்கு வழியில்லை, பரவல் மொத்தமும் கிழங்கால்தான். இந்த இரண்டும் விதையே போடாமல் இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று சுற்றியிருக்கின்றன.

போன் பேச்சை முடித்துவிட்டு வந்த தோட்டக்காரரிடம் இரண்டு கிழங்கையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். "ரெண்டும் ஒண்ணுதானே தம்பி, மருந்தடிச்சா ரெண்டும் கருகும், இருபது நாள்ல ரெண்டும் திரும்ப வரும்" என்றார். அவர் கணக்கில் நியாயம் இருக்கிறது. ஆனால் கையால் எடுக்கும்போது கணக்கு மாறுகிறது. டெபிலிஸின் குட்டிகள் தாயோடு ஒட்டி ஒரே இடத்தில் இருப்பதால், மண்ணை உலுக்காமல் கட்டியாகவே பெயர்த்துக் கூடையில் போட்டால் பெரும்பகுதி வந்துவிடும். லாட்டிஃபோலியாவுக்கு ஒரு சாண் தள்ளித் தோண்டவேண்டும். அந்த அம்மா பெயர் தெரியாமலே அதைத்தான் செய்துகொண்டிருந்தார். இதைச் சொன்னபோது தோட்டக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் அடுத்த பாத்திக்குப் போயிருந்தார்.

மத்தியானம் ஊட்டி. தாவரவியல் பூங்கா 1848ல் மெக்ஐவர் கையால் உருவாகத் தொடங்கியது. புல்வெளியில் மூன்று இலைக் கூட்டங்களைப் பார்த்துவிட்டு ஒரு குடும்பம் நான்கு இலை தேடிக்கொண்டிருந்தது. அது புளியாரையே இல்லை, தீவனச்செடியான வெள்ளைக் குளோவர்: சிற்றிலை முட்டை வடிவம், நுனியில் இதயவெட்டு கிடையாது, நடுவே வெளிர் பட்டை, விளிம்பில் நுண்பல். வாயில் போட்டால் புளிக்காது. அவர்களிடம் சொல்லவில்லை, குழந்தைகள் உற்சாகமாக இருந்தார்கள்.

வெளியே வரும் வழியில் பூஞ்செடி விற்கும் கடைகள் வரிசையாக இருந்தன. ஒன்றில் ஊதா இலைச் செடி சின்னத் தொட்டியில், விலை 150. சிற்றிலைகள் முக்கோணம், மாலை நெருங்க மடிந்து தொங்கத் தொடங்கியிருந்தன. "பட்டர்ஃபிளை சார், ராசியான செடி" என்றார் கடைக்காரப் பையன். ஆக்சாலிஸ் டிரையாங்குலாரிஸ், பிரேசில் பக்கத்து உறவு. பக்கத்திலேயே நான்கு சிற்றிலையும் ஊதாப் பட்டையும் கொண்ட மெக்சிகோக்காரர் ஆக்சாலிஸ் டெட்ராஃபில்லா, 200 ரூபாய். நண்பர் ஊதாவை 120க்குப் பேசி முடித்தார்.

காசு கொடுப்பதற்குள் நான் தொட்டியைத் தூக்கி அடியைப் பார்த்தேன். தண்ணீர் வடிகிற துளையிலிருந்து ஒரு வெள்ளை நூல் எட்டிப் பார்த்தது, முனையில் மிளகு அளவு கிழங்கோடு. மேலே ஊதா இலைகளுக்கு நடுவே தேடினால் பச்சை மீன்வால் இலை இரண்டு. "இது என்னப்பா?" என்று பையனிடம் கேட்டேன். "மண்ணோட வர்றதுண்ணா, அதுக்குக் காசில்ல" என்றான். வரிசையில் இருந்த மற்றத் தொட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தேன். ஏழாவது தொட்டியில் கடை முதலாளி வந்துவிட்டார்.